நீலக் கிளி

எனக்கு ஒரு விநோத வியாதி. யுத்த காலத்தில் சிப்பாய்கள் எழுதிய, படம் போட்ட கடிதங்களைச் சேர்ப்பது. பி.காம். படித்தவன் செய்கிற காரியமா இது? முழுக்கப் பற்று, வரவே கிடையாது!

ஆனால் ருசி கண்டால் விடாது ஸார். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன நம் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். நம்மவர்கள் சளைத்தவர்களா? கறுப்பு மிளகு என்றால் இந்தியர், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரர். எது தீர்ந்துபோனது என்று ஊருக்கு எழுதினால் புரிந்துவிடும்! காயம்பட்டவர்களுக்கு பிரைட்டன் அரண்மனையே ஆஸ்பத்திரி. அந்தப் படம் போட்ட தபால் அட்டைகளும் உண்டு. 1941-ல் 'ஏர்கிராஃப்' வந்தது. கடிதத்தை ஃபிலிமில் சுருக்கி, விமானத்தில் அனுப்பி, இறங்கிய ஊரில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள்.

சிங்காரப்பேட்டையில் ஒரு ஆயாவிடம் 1971 யுத்தக் கடிதம், அதுவும் படத்தோடு இருப்பதாக நண்பர் துப்புக் கொடுத்தார். கிருஷ்ணகிரியில் பஸ் பிடித்தேன். பக்கத்து ஸீட் இளைஞன் ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்தவன். ஊத்தங்கரை வரை என் தோள்தான் தலையணை. அப்புறம் ஜவ்வாது மலை தெரிந்தது. இதே ரோட்டில் இன்னும் போனால் செங்கம். 1767-ல் ஹைதர் அலியும் கம்பெனிப் படையும் மோதிய இடம். எனக்கென்னவோ அந்த யுத்தத்தைவிட ஆயாவிடம் பேரம் பேசுவதுதான் பயமாக இருந்தது.

ஆயா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். நீல இன்லண்ட் லெட்டர். அனுப்புநர் முகவரியில் ஊர் பேர் இல்லை, '99 ஏ.பி.ஓ.' மட்டும். ஓரத்தில் பேனாவால் வரைந்த கிளி.

"பொண்ணு பச்சைக்கிளி கேட்டா. அவருகிட்ட நீலப் பேனாதான் இருந்துச்சாம்."

"ரெண்டாயிரம் தர்றேன் ஆயா."

"படிச்சியா தம்பி?"

நான் கிளியைத்தான் பார்த்திருந்தேன். அசடு வழிந்தபடி உரக்கப் படித்தேன். மாடு கன்று போட்டதா, கூரைக்கு ஓலை மாற்றினாயா, ராத்திரியில் தனியாகக் கிணற்றடிக்குப் போகாதே... யுத்தத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"உயிரோடதான் திரும்பி வந்தாரு. அப்புறம் நாப்பது வருஷம் இருந்தாரு. ஊட்ல வாயே தொறக்க மாட்டாரு. சோறு போடு, தண்ணி குடு, அவ்ளோதான். எங்கிட்ட பேசினதெல்லாம் இதுலதான்."

மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரோ என்னவோ, இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

"இவ்ளோ தூரம் வந்துட்ட. அவரு பென்ஷன் புக்கு இருக்குது, வேணும்னா எடுத்துக்க."