ஒரு பெயர், பல எழுத்து

தமிழில் திருகோணமலை, ஆங்கிலத்தில் டிரிங்கோமலி. துறைமுகம் ஒன்றுதான். கணினி அப்படி எண்ணுவதில்லை.

1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, இன்று வழங்கும் வடிவில், முதலெழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளை நீக்கி, எஞ்சும் மெய்களை மூன்று இலக்கங்களாக்கும். ஆங்கில எழுத்தில் திருகோணமலைக்கு 625, டிரிங்கோமலிக்கு 652. இரண்டும் சேரா. சிவராசாவும் சிவராஜாவுமோ 162 என ஒன்றாகிவிடுவர்.

லெவன்ஷ்டைன் 1965இல் வகுத்த அளவு, எத்தனை எழுத்தை மாற்றவோ சேர்க்கவோ நீக்கவோ வேண்டும் என எண்ணும். சிவராசா, சிவராஜா: ஓரெழுத்து. பாலா, மாலா: அதுவும் ஓரெழுத்தே. முன்னது ஒரே ஆளாயிருக்கலாம். பின்னது அண்ணனும் தங்கையும்!

நாளிதழ் மேசையில் பெயர்ப்பட்டியல்களோடு பல்லாண்டு மல்லுக்கட்டிய எனக்கு இது விளையாட்டாகத் தோன்றவில்லை. 2004 ஆழிப்பேரலை இம்மாவட்டக் கரையையும் தாக்கியது. அத்தகைய வேளையில் தமிழ்ப்பெயரை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் பதிந்தால், முகாமில் உயிரோடிருப்பவரே பட்டியலில் காணாமற்போவார்.

ஆகவே ஒலியாலும் எழுத்தாலும் சலித்தெடுத்து, ஊரையும் தந்தை பெயரையும் ஒப்பிட்டு, முடிவை ஊரறிந்தவரிடம் விடுவதே முறை. முதற்பதிவு தமிழிலேயே இருந்தால் பாதித் தொல்லை தீரும்.