கட்டுதலும் அடங்குதலும்

கழுத்தின் அடியில் விரல் வைப்போர் எவரும் காறையென்பை உணர்வர். அஃது உயிரற்ற கல்லன்று. அதனைக் கட்டியவை உயிருள்ள கலங்கள். உடலின் கலங்கள் யாவும் ஏறக்குறைய ஒரே பரம்பரை அலகுகளையே தாங்குகின்றன. அவ்வேட்டில் எப்பக்கம் திறக்கப்படுகிறது, எப்பக்கம் மூடப்படுகிறது என்பதே ஒவ்வொரு கலத்தின் தொழிலையும் வகுக்கிறது.

என்பாக்கும் கலத்துக்கு முதற்பக்கத்தைத் திறப்பது ரங்ஸ்-2 என்னும் புரதமாகும். அதனை முற்றாக இழந்த சுண்டெலிகளில் என்பே உருவாகவில்லை என்பது 1997இல் அறியப்பட்டது. மனிதரிலோ, அதற்குரிய இரு பிரதிகளுள் ஒன்று பழுதுற்றாலே காறையென்பு குறைவுறும். சிலரில் இல்லாமலே போகும்.

ஆயின், இன்றியமையாத இவ்வாணையும் உரிய காலத்தில் தணிதல் வேண்டும். என்பாக்கும் கலங்களில் ரங்ஸ்-2 மிகையாக நிலைக்கச் செய்யப்பட்ட சுண்டெலிகளின் என்புகள் வலுப்பெறவில்லை, மெலிந்து முறிந்தன. கலங்கள் முழுமுதிர்ச்சி எய்தாமையே அதன் காரணம்.

முதிர்ந்த கலங்களுட் சில தாம் கட்டிய சுவருள்ளேயே அடைபடுகின்றன. ஆயினும் அவை வாளாவிருப்பதில்லை. ஸ்கிளரொஸ்ரின் என்னும் புரதத்தைச் சுரந்து, வெளியே கட்டுவனவற்றை நோக்கி, "போதும்" என்கின்றன. அப்புரதம் அமையாத மனிதரில் என்பு அளவின்றித் தடித்து, முகநரம்பையும் செவிநரம்பையும் நெருக்குகிறது.

2019இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற மருந்தொன்று இக்குரலையே அடக்கி, மாதவிடாய் நின்ற பெண்களின் நலிந்த என்பை மீளக் கட்டுகிறது. அதுவும் ஓராண்டுக்கே வழங்கப்படும். தொடங்கும் ஆற்றலையே வளர்ச்சியெனப் போற்றும் இளமைக்கு, அடங்கும் காலத்தையும் அறிதலே முதிர்ச்சி என்று என்பு அறிவுறுத்துகிறது.