இரண்டு பிறை

2022 ஆம் ஆண்டு இரமலான் முதற்பிறை காண இல்லத்தார் அனைவரும் மாடியில் கூடியிருந்தோம். மேற்கே தென்னங்கீற்றுக்கு மேல் மெல்லிய கீறலாய்ப் பிறை தோன்றிற்று. எம் தமக்கையாரின் மகள், எட்டு வயதுச் சிறுமி, "மாமா, எனக்கு ரெண்டு பிறை தெரியுது" என்றாள். அனைவரும் நகைத்தனர், நாமும் நகைத்தோம். இடக்கண்ணின் பின்னே வலிக்கிறதென்று நான்கு நாள்களாக அவள் அழுததையும், உண்டதை வாந்தியெடுத்ததையும் பள்ளிக்குச் செல்லாதிருக்கச் சொல்லும் சாக்கு என்றே தீர்ப்பளித்திருந்தோம். தீர்ப்பளித்தவர் வேறெவருமல்லர், நாமே.

மறுநாள் முதல் நோன்பு. காலையில் பார்க்கையில் அவளுடைய இடக்கண் இமை பாதி இறங்கியிருந்தது. இமையை விரலால் தூக்கினால் கருவிழி வெளிப்புறமாக ஒதுங்கி நின்றது, கண்மணி அகன்றிருந்தது. தமக்கையார் கையிலெடுத்த தஸ்பீஹ் மணியைக் கீழே வைக்கவேயில்லை.

மருத்துவர் முதலில் அஞ்சியது தலைவலிக்காக அன்று. மூளைக் குருதிக்குழாயின் வீக்கமோ கட்டியோ நரம்பை நெருக்குகிறதோ என்பதே அவரது கவலை. ஆகவே எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னார். காந்தமும் வானொலி அலையுமே அதன் கருவிகள், எக்ஸ்ரே கதிர் இல்லை என்றறிந்தபின் தமக்கையார் சற்று ஆறினார். தோட்டையும் கொலுசையும் கழற்றிவிட்டுச் சிறுமி அக்குகைக்குள் சென்றாள். காதைப் பிளக்கும் ஓசை, அசையவும் கூடாது. இடையே காடோலினியம் சேர்ந்த மருந்தை ஊசிவழி ஏற்றி மீண்டும் படமெடுத்தனர்.

வீக்கமும் இல்லை, கட்டியும் இல்லை. நடுமூளையிலிருந்து மூன்றாம் நரம்பு புறப்படும் இடம் மட்டும் தடித்து, மருந்தேற்று வெண்மையாய் ஒளிர்ந்தது. இமையைத் தூக்குவதும், கண்மணியைச் சுருக்குவதும், விழியைப் பெரும்பாலான திசைகளில் திருப்புவதும் அந்நரம்பே. எவ்வளவு மெல்லிய இழை!

தமிழாசிரியராகிய எம்மை ஈர்த்தது இந்நோயின் பெயர் வரலாறு. 'கண்வாத ஒற்றைத்தலைவலி' என்னும் பொருளில் 1890 இல் இதற்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ. இத்தகைய படங்கள் நரம்பையே காட்டத் தொடங்கிய பின்னர், அனைத்துலகத் தலைவலிக் கழகம் 2004 இல் இதனை ஒற்றைத்தலைவலி வரிசையிலிருந்து நீக்கி நரம்புவலிகளோடு சேர்த்தது. 2018 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் 'மீண்டும் மீண்டும் வரும் வலியுடைய கண்வாத நரம்புநோய்' என்ற பெயர் நிற்கிறது. நீண்ட பெயர்தான், ஆயினும் பொருளோடு பொருந்துகிறது. நரம்பு ஏன் அவ்வாறு தடிக்கிறது என்பதில் மட்டும் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

இருமுறையேனும் வந்தாலன்றி அப்பெயரை உறுதிசெய்ய அவர்தம் வரையறை இடந்தருவதில்லை. மருத்துவர் பெயரை எழுதி, அருகே ஒரு கேள்விக்குறி இட்டார். ஆறு வாரத்தில் இமை ஏறிற்று.

2023 இல் வலி மீண்டும் வந்தது. இம்முறை முதல் நாளே சொன்னாள். அன்றே அழைத்துச் சென்றோம். கேள்விக்குறி நீங்கிற்று. இமை இயல்புக்கு வர மூன்று மாதமாயிற்று.

இப்போதும் பிறை பார்க்க மாடிக்கு வந்தால், அவள் முதலில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கிறாள். பிறகே கையை எடுக்கிறாள்.