கப்பல் விருந்தும் அப்பாவின் வேட்டியும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். முன்பு கேமரன் மலை, லங்காவி என்று இருந்த பேச்சு அண்மைக் காலமாகச் சொகுசுக் கப்பல்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு, பூக்கெட் ஆகிய இடங்களைத் தொட்டுத் திரும்பும் 3, 4 இரவுப் பயணங்களுக்கு நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகச் செல்கின்றனர். கடந்த விடுமுறையில் எங்கள் குடும்பமும் 4 இரவுகள் சென்று வந்தது. அதன்பின் என்னிடம் பலரும் கேட்டது கட்டணத்தைப் பற்றியன்று. உணவைப் பற்றியும் அன்று. "இரவு விருந்துக்கு என்ன உடுத்த வேண்டும்? கோட்டு இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்களாமே?" என்பதே பெரும்பாலோரின் கேள்வி. தனித்தனியே விடை கூறுவதைவிட இங்கு எழுதிவிடுவது நன்று எனக் கருதுகிறேன்.

முதலில் விதிகளைப் பார்ப்போம். பகலில் கப்பலில் எளிய உடை எதுவும் உடுத்தலாம். மாலையில் முதன்மை உணவுக்கூடத்திற்குச் செல்லும்போதுதான் உடை விதி வருகிறது. பெரும்பாலான இரவுகளில் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்பார்கள். ஆடவருக்குக் கழுத்துப்பட்டி வைத்த சட்டையும் நீளக் காற்சட்டையும் போதும். பெண்களுக்குச் சேலை, பஞ்சாபி உடை, கவுன் எதுவாயினும் சரி. நீச்சல் உடை, கையில்லா பனியன், ரப்பர் செருப்பு, வெறுங்கால் ஆகியவற்றுக்கு மட்டுமே தடை. அடுத்தது 'ஃபார்மல்' இரவு. குறுகிய பயணங்களில் பொதுவாக ஒன்றும், ஒரு வாரப் பயணங்களில் இரண்டும் வரும். அன்று ஆடவர் கோட்டும் டையும் அணிவர். பெண்கள் பட்டாடையோ நீண்ட கவுனோ அணிவர்.

கப்பலுக்குக் கப்பல் கண்டிப்பு வேறுபடும். 2004-இல் சேவைக்கு வந்த குயின் மேரி 2 கப்பலை நடத்தும் கியூனார்ட் நிறுவனம் பழைய மரபை இன்றும் விடாமல் காத்து வருகிறது. அதன் 'காலா' இரவுகளில் கறுப்பு டின்னர் ஜாக்கெட்டும் போ டையும் சாதாரணக் காட்சி. வைக்கிங் நிறுவனத்தின் கடற்பயணக் கப்பல்களிலோ ஃபார்மல் இரவு என்பதே இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவையே மற்றவை.

இந்தத் தளர்வில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கெந்திங் குழுமம் 1993-இல் ஸ்டார் குரூசஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் அது நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டில்தான் நார்வீஜியன் 'ஃப்ரீஸ்டைல்' முறையை அறிமுகப்படுத்தியது. விரும்பிய நேரத்தில், விரும்பிய உணவகத்தில், கோட்டுக் கட்டாயம் இன்றி உண்ணலாம் என்பதே அம்முறை. ஸ்டார் குரூசஸை நடத்திய கெந்திங் ஹாங்காங் நிறுவனம் 2022-இல் நொடித்துப் போனது. ஆயினும் அந்தத் தளர்வு உலகெங்கும் நிலைத்துவிட்டது.

இவ்விதிகள் எங்கிருந்து வந்தன? ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஓடிய பெருங்கப்பல்களிலிருந்து வந்தன. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இரவு உணவுக்கு அறிகுறியாக ஊதுகொம்பு முழங்கும். உடனே முதல் வகுப்புப் பயணிகள் உடை மாற்றிக்கொண்டு உணவுக்கூடத்திற்கு வருவர். 1935-இல் ஓடத் தொடங்கிய நார்மண்டி என்ற பிரெஞ்சுக் கப்பலில், பெண்கள் தங்கள் கவுன்களோடு இறங்கி வருவதை அனைவரும் காணுமாறு பெரிய படிக்கட்டே அமைத்திருந்தனர். ஆனால் அதே கப்பல்களின் மூன்றாம் வகுப்பில் இவ்விதி எதுவும் இல்லை. அங்கிருந்த ஏழைப் பயணிகள் உடுத்திய உடையோடு உண்டனர். விதி இல்லாதது அவர்களுக்கு அளித்த சலுகை அன்று. அவர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்பது எவருக்கும் ஒரு பொருட்டாக இல்லை, அவ்வளவே.

நம் முன்னோர் வந்த கப்பல்களிலும் இதே கதைதான். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலை அறியாத தோட்டப்புறக் குடும்பம் குறைவு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என 1970-களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. அதில் அறை எடுத்து வந்தவர் சிலர். திறந்த தளத்தில் பாய் விரித்து, துணி மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்தவர் ஆயிரக்கணக்கானோர். 1930-களில் அவ்வாறு வந்தவர்களுள் என் தாத்தாவும் ஒருவர்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வயது 76. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி எங்களை ஆளாக்கியவர். திருமணம், திருவிழா, தீபாவளி எதுவாயினும் அவருக்கு வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும்தான். கோட்டு என்றால் அவர் நினைவுக்கு வருவது தோட்டத் துரைமாரின் கிளப். சிறுவயதில் அதன் வேலிக்கு வெளியே நின்று, வெள்ளைக் கோட்டு அணிந்தவர்கள் விளக்கொளியில் உள்ளே செல்வதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கோட்டு உள்ளவருக்குக் கதவு திறக்கும், இல்லாதவருக்குத் திறக்காது என்பதே அவர் அங்குக் கற்ற பாடம்.

ஆகவே பயண அட்டவணையில் 'ஃபார்மல் இரவு' என்று கண்டதும் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "நீங்கள்லாம் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கம்மா. நான் மேல பஃபேயில சாப்பிட்டுக்கிறேன்" என்றார். படிவம் 1 பயிலும் என் மகள் வேறொரு வழி சொன்னாள். "தாத்தா, அப்பாவோட பழைய கோட்டைப் போட்டுக்குங்களேன். வேட்டியில வந்தா எல்லாரும் பாப்பாங்க."

எனக்கு இரண்டுமே வருத்தம் தந்தன. தாத்தா தாமாக ஒதுங்க நினைக்கிறார்; பேத்தி அவரை மாற்ற நினைக்கிறாள். இருவரும் விதியை முழுமையாகப் படிக்கவில்லை. வந்த சுற்றறிக்கையைக் கடைசி வரி வரை படிப்பது ஆசிரியர் தொழிலில் கைவந்த பழக்கம். எங்கள் கப்பலின் உடை விதியில் தேசிய உடை பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் கியூனார்ட் போன்ற மிகக் கண்டிப்பான நிறுவனமே, காலா இரவுகளில் டின்னர் ஜாக்கெட்டுக்கு மாற்றாக முறையான தேசிய உடையை ஏற்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் தம் 'கில்ட்' பாவாடையோடு அவ்விருந்துக்கு வரலாம். அவ்வாறாயின் வேட்டிக்கு என்ன தடை? எங்கள் கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. தேசிய உடையை வரவேற்கிறோம், காலில் ரப்பர் செருப்பு மட்டும் வேண்டா என்று எழுதியிருந்தார்கள்.

அன்று இரவு நான் பட்டுச்சேலை உடுத்தினேன். என் கணவர் நீண்ட கை பாத்தேக் அணிந்தார். அப்பா கரை வைத்த வேட்டியும் தோல் செருப்புமாக வந்தார். உணவுக்கூட வாயிலில் நின்ற இளம் ஊழியர் என்னையும் என் கணவரையும் புன்னகையோடு அனுப்பினார். அப்பாவைக் கண்டதும் தயங்கினார். நீளக் காற்சட்டை அணிந்து வர இயலுமா என்று பணிவாகவே கேட்டார். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. என் மகள் தலை குனிந்துகொண்டாள். நான் கைப்பேசியில் இருந்த பதிலைக் காட்டினேன். அவர் மேற்பார்வையாளரை அழைத்து வந்தார். அம்மனிதர் அதைப் படித்துவிட்டு, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு, தாமே மேசை வரை அழைத்துச் சென்று அமர வைத்தார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடங்களுக்குமேல் ஆகியிராது. ஆனால் அந்த மூன்று நிமிடமும் அப்பா நிமிர்ந்தே நின்றார். பஃபேக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை.

உணவு வரும்வரை எங்கள் மேசையில் பேச்சில்லை. பிறகு அப்பாவே பேத்தியிடம் பேசத் தொடங்கினார். "எங்கப்பா கப்பல்ல வந்தப்ப மேல்தளத்துல படுத்துக்கிட்டு வந்தாரு. சோறு வாங்குறதுக்குத் தட்டோட வரிசையில நிக்கணும். கப்பலுக்குள்ள இப்படி ஒரு இடம் இருக்குன்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது." அவள் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டாள். பழச்சாறும் இனிப்பும் வந்து போகும்வரை ரஜூலாவைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. ஃபார்மல் இரவுகளில் கப்பலின் புகைப்படக்காரர்கள் அழகிய திரைகளை அமைத்துப் படம் எடுப்பது வழக்கம். அன்று திரும்பும் வழியில் என் மகள் தாத்தாவின் கையைப் பிடித்து அந்தத் திரைக்கு முன்னால் அழைத்துச் சென்றாள்.

அதன்பின் நான் எண்ணிப் பார்த்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். என் சேலையை எவரும் கேள்வி கேட்கவில்லை. சேலை எந்த நாட்டு விருந்திலும் உயர்ந்த உடையாகவே மதிக்கப்படுகிறது. வேட்டியைத்தான் நிறுத்திக் கேட்கிறார்கள். கப்பலில் மட்டுமா? தமிழ்நாட்டிலேயே 2014-ஆம் ஆண்டு ஜூலையில், வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னையில் ஒரு மன்றம் அனுமதி மறுத்தது. அடுத்த மாதமே, வேட்டி அணிந்தவரைப் பொது இடங்களில் தடுக்கக்கூடாது என்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டி பிறந்த மண்ணிலேயே அதற்குச் சட்டத்தின் துணை தேவைப்பட்டது என்றால், ஒரு கப்பல் ஊழியரின் தயக்கத்தைக் குறை கூறி என்ன பயன்?

இன்னொரு செய்தியும் சுவையானது. டின்னர் ஜாக்கெட்டோடு இடுப்பில் கட்டும் அகன்ற பட்டைக்குக் 'கம்மர்பண்டு' என்று பெயர். இடுப்புக் கட்டு எனப் பொருள்படும் 'கமர்பந்த்' என்ற பாரசீகச் சொல்லே இந்துஸ்தானி வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று இவ்வாறு மாறியது. இந்திய வெப்பம் தாங்காத பிரிட்டிஷ் அதிகாரிகள், உள்கோட்டுக்குப் பதிலாக நம்மவரின் இடைக்கச்சையை எடுத்துக் கட்டிக்கொண்டனர். வெப்பம் மிகுந்த செங்கடல் பகுதியில் ஜாக்கெட்டையே கழற்றிவிட்டுச் சட்டையும் இடைக்கச்சையுமாக விருந்துக்குச் செல்லும் வழக்கமும் ஏற்பட்டது. 'ரெட் சீ ரிக்' என்று அதற்குப் பெயர். ஆக, மாற்றவே முடியாதது என்று நாம் அஞ்சும் உடை விதி, தேவை வந்தபோது வளைந்து கொடுத்திருக்கிறது. விருந்தை மதித்து உடுத்தியிருக்கிறீர்களா என்பதே அவ்விதி கேட்கும் கேள்வி. துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் கட்டிய வேட்டி அக்கேள்விக்குச் சரியான விடையே ஆகும்.

பயணம் செல்லும் பெற்றோர்கள் சிலவற்றை நினைவிற்கொள்க. கப்பல் நிறுவனத்தின் உடை விதியை முன்கூட்டியே முழுமையாகப் படியுங்கள். தேசிய உடை பற்றி அதில் குறிப்பு இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் அசையும், படிகள் மிகுதி; எனவே முதியவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டியோ இடைவாரோ நல்லது. குதிகாலில் வார் உள்ள தோல் செருப்பு பொருத்தம். ஓர் இரவுக்காகக் கோட்டு வாங்கிக் கடன்பட வேண்டா. விருப்பமில்லாதவர் அன்று பஃபேயில் உண்ணலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் அது விரும்பி எடுக்கும் முடிவாக இருக்கட்டும். கூச்சத்தால் எடுக்கும் முடிவாக வேண்டா.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை விருந்துக்கு இப்போது பல பள்ளிகளில் உடை விதி வைக்கிறோம். 'ஃபார்மல்' என்று ஒரு சொல்லை அழைப்பிதழில் அச்சிட்டுவிடுகிறோம். கோட்டு இல்லாத காரணத்தால், "காய்ச்சல் டீச்சர்" என்று சொல்லி வராமல் இருந்துவிட்ட மாணவன் ஒருவனை நான் அறிவேன். அச்சொல்லுக்குப் பக்கத்திலேயே, 'வேட்டி, ஜிப்பா, பாத்தேக், தூய்மையான பள்ளிச் சீருடை ஆகியவையும் ஏற்கப்படும்' என்று இன்னொரு வரியைச் சேர்ப்பதற்கு நமக்கு ஒரு காசும் செலவில்லை. இவ்வாண்டு எங்கள் பள்ளியின் அழைப்பிதழில் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கொடுத்துள்ளேன்.

உங்கள் பள்ளிகளிலும் சேர்த்துப் பாருங்கள். சேர்த்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதினால் மகிழ்வேன்.