கப்பம் கேட்ட கணினி

எங்கள் வீட்டுக் கணினி விளையாட்டுக்காக வாங்கியதல்ல. அது உம்மாவின் தொழில். கல்யாண அழைப்பிதழ், தவணைப் பரீட்சை வினாத்தாள், கடைக்காரரின் விலைப்பட்டியல், பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வறிக்கை என்று எதை டைப் செய்ய வேண்டுமென்றாலும் ஊரார் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். வாப்பாவின் வியாபாரம் குறையும் மாதங்களில் எங்கள் பாடசாலைச் செலவை அந்தக் கணினிதான் பார்த்துக்கொள்ளும். நான் பத்தாம் தரத்தில் படித்தபோது ஒரே இரவில் அதைப் பாழாக்கினேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் இன்னொரு வீட்டில் இன்னொருத்தி அதே பொத்தானை அழுத்தக்கூடும்.

அந்த நாட்களில் உம்மா ஒரு பெரிய வேலையில் இருந்தார். எங்கள் ஊரின் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர், அந்தக் காலத்துப் பெண்கள் பாடிய கவிகளை வீடு வீடாகச் சென்று கேட்டு ஏழு அப்பியாசக் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். உம்மா அவற்றைப் பாமினி எழுத்துருவில் டைப் செய்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு டீச்சர் வந்து பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கவிக்கும் விளக்கம் சொல்வார். உம்மா அதை அப்படியே கணினியில் ஏற்றுவார். அந்த விளக்கங்கள் கொப்பிகளில் இல்லை. 112 பக்கங்கள் முடிந்திருந்தன.

தமிழ்த் தினப் போட்டிக்கு எங்கள் வகுப்பின் சார்பில் ஒரு சுவரொட்டி செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. படங்களை அழகுபடுத்தும் விலைகூடிய மென்பொருள் ஒன்று அதற்குத் தேவையென்று நினைத்தேன். இணையத்தில் தேடியபோது அதன் "கிரக்" பிரதி இலவசமாகக் கிடைத்தது. நிறுவுவதற்கு முன் வைரஸ் தடுப்பை நிறுத்திவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வியாழன் இரவு எல்லோரும் உறங்கிய பின் நிறுத்தினேன். திருடன் வந்து "காவல்காரனை அனுப்பிவிடுங்கள், பிறகு உள்ளே வருகிறேன்" என்று கேட்பதும் இதுவும் ஒன்றுதான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

விண்டோஸ் புதுப்பிக்கப்படுகிறது என்று ஒரு சாளரம் தோன்றியது. அது பொய்யான சாளரம் என்று பின்னர் அறிந்தேன். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்னால் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் "ரீட்மீ" என்ற பெயரில் ஒரு கடிதம் இருந்தது. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்கும் சாவிக்கு 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டொலர் என்றது அது. மனதுக்குள் கணக்குப் போட்டேன். பாதி விலையே ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய்.

கணினியை நிறுத்திவிட்டுப் படுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. காலையில் பாடசாலைக்கும் போய்விட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

பகலில் உம்மா கணினியைப் போட்டிருக்கிறார். டீச்சரின் கோப்பு திறக்கவில்லை. கோப்பில்தான் ஏதோ பிழை என்று எண்ணி, இரண்டு வாரத்துக்கு முன் பிரதி எடுத்து அலுமாரியில் வைத்திருந்த பென் டிரைவை எடுத்துச் செருகியிருக்கிறார். அந்தத் தீய மென்பொருள் ஒரு தடவை பூட்டிவிட்டுப் போய்விடும் வகையல்ல. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை தானாக மீண்டும் இயங்கி, புதிதாக எது கிடைத்தாலும் பூட்டும். பென் டிரைவில் இருந்த நல்ல பிரதியும் அப்படியே போனது. முதல்நாள் இரவே நான் வாயைத் திறந்திருந்தால் அந்த பென் டிரைவ் அலுமாரியிலேயே இருந்திருக்கும்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது உம்மா தம்பியை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நீ கேம் ஏதும் போட்டியா? உண்மையச் சொல்லு."

"இல்ல உம்மா, நான் தொடவே இல்ல" என்று அவன் அழுதான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நான் சீருடையோடு கதவடியில் நின்றேன். அப்போதும் வாய் வரவில்லை. மஃரிப் தொழுகைக்குக் கைகட்டி நின்றபோது ஒரு வசனமும் மனதில் ஓடவில்லை. ஸலாம் கொடுத்து முசல்லாவைச் சுருட்டியதும் உம்மாவிடம் போனேன்.

"உம்மா, தம்பி இல்ல. நான்தான்."

உம்மா ஏசவில்லை. நீண்ட நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மகள், என்ட சாமான் போனாப் பரவாயில்ல. இது டீச்சர்ட அமானிதம்" என்றார். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

கணினித்துறையில் படிக்கும் பெரியும்மாவின் மகன் நானாவுக்கு வாப்பா அழைப்பெடுத்தார். அவர் முதலில் கேட்டது, "இன்டர்நெட்டும் பென் டிரைவும் செருகியா இருக்கு? இரண்டையும் இப்பவே கழட்டுங்க" என்பதுதான். அடுத்த நாள் வீட்டுக்கு வந்தார். அந்த இரண்டு நாட்களில் அவரிடம் கற்றவற்றை இங்கே சொல்கிறேன்.

இத்தகைய மென்பொருளை ரன்சம்வெயார் என்பார்கள். தமிழில் கப்ப மென்பொருள் எனலாம். இது புதியதல்ல. 1989ஆம் ஆண்டிலேயே ஜோசப் பொப் என்பவர் எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி, சுமார் 20,000 புளொப்பி டிஸ்க்குகளைத் தபாலில் அனுப்பினார். அவற்றைப் போட்ட கணினிகள் சில காலத்தின் பின் முடங்கி, பனாமாவிலுள்ள ஒரு தபால்பெட்டிக்கு 189 டொலர் அனுப்பச் சொல்லின. அந்தப் பூட்டு எளிமையானது, நிபுணர்கள் திறந்துவிட்டார்கள். இன்றைய பூட்டு வேறு. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஆமைப்பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், யாரும் பூட்டலாம். திறக்கும் சாவி மட்டும் கப்பக்காரனின் கையில் இருக்கிறது. அது எங்கள் கணினிக்குள் வருவதே இல்லை. ஆகவே அதை உள்ளே தேடிப் பயனில்லை.

இதனால்தான் வைரஸை அகற்றுவதும் கோப்புகளை மீட்பதும் இரு வேறு வேலைகளாகின்றன. அகற்றுவது கடினமல்ல. கள்வனை வீட்டை விட்டுத் துரத்தலாம். ஆனால் அவன் போட்டுவிட்டுப் போன பூட்டு அப்படியே இருக்கும்.

"நோ மோர் ரன்சம்" என்றொரு இணையத்தளம் உண்டு. ஐரோப்பிய பொலிஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து பொலிஸாரும் இணையப் பாதுகாப்பு நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து 2016இல் தொடங்கியது. பூட்டப்பட்ட கோப்பொன்றையும் கப்பக் கடிதத்தையும் அதில் ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும். மாற்று மருந்து இருந்தால் இலவசமாகவே தரும். நானா ஏற்றிப் பார்த்தார். எங்களுடையது "ஸ்டொப்" என்ற வகை. வீட்டுப் பாவனையாளர்களை, அதிலும் கிரக் மென்பொருள் தேடுபவர்களைக் குறிவைப்பது. பூட்டும் நேரத்தில் இணையத் தொடர்பு இல்லாவிட்டால் அது பொதுவான ஒரு சாவியைப் பயன்படுத்தும். அந்தச் சாவி கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் மீட்கலாம். தொடர்பு இருந்தால் ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி. எங்கள் வீட்டில் அன்றிரவு தொடர்பு நன்றாகவே இருந்தது.

கடன் வாங்கியாவது 490 டொலரைக் கட்டுவோமா என்று வாப்பா கேட்டார். "கட்டினாச் சாவி தருவாங்க என்டதுக்கு யார் சாட்சி? தந்தாலும் அந்தக் காசு அடுத்த வீட்டைப் பூட்டத்தான் போகும்" என்றார் நானா. வாப்பா அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பூட்டப்பட்ட கோப்புகளை ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்தோம். என்றாவது சாவி வெளிவந்தால் உதவும். பிறகு கணினியை முழுமையாக அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினார். இந்த வகை சில வேளைகளில் கடவுச்சொற்களைத் திருடும் மென்பொருளையும் கூட அழைத்து வருமாம். ஆகவே மின்னஞ்சல், வங்கி, முகநூல் ஆகிய எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் வாப்பாவின் கைபேசியிலிருந்து மாற்றினோம்.

தோழிகளே, தடுப்பது இவ்வளவு சிரமமில்லை. கிரக் மென்பொருளைத் தொடாதீர்கள். வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லும் எதையும் நம்பாதீர்கள். சுவரொட்டி செய்ய இலவசமாகவே கிடைக்கும் நேர்மையான மென்பொருள்கள் உண்டு. "ஜிம்ப்" அவற்றில் ஒன்று. எங்கள் கணினியில் இப்போது பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. உம்மாவின் கடவுச்சொல் இல்லாமல் எதையும் நிறுவ முடியாது.

விண்டோஸ் புதுப்பிக்கச் சொன்னால் பிறகு பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். 2017 மே 12இல் "வன்னாக்ரை" என்ற கப்ப மென்பொருள் சுமார் 150 நாடுகளில் பரவி, பிரித்தானிய வைத்தியசாலைகளைக்கூட நிலைகுலையச் செய்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரதி எடுங்கள். எடுத்த பின் அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியபடியே இருக்கும் பிரதி, பிரதியல்ல. 2023 ஓகஸ்டில் எங்கள் நாட்டு அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையே இப்படித் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கு மீட்கக்கூடிய பிரதி இருக்கவில்லை. அப்படியிருக்க, எங்கள் வீடு எம்மாத்திரம்?

ஏதாவது நடந்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: ஏச்சுக்குப் பயந்து பிள்ளை மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கள்வனுக்குத்தான் இலாபம்.

டீச்சரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஏழு கொப்பிகளையும் பையில் போட்டு எடுத்து வந்து, "எங்கிருந்து தொடங்கணும் புள்ள?" என்று கேட்டார். முதல் 40 பக்கங்களை உம்மா முன்பொரு நாள் டீச்சரின் மகனுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், அவை கிடைத்தன. மீதியை இஷாவுக்குப் பிறகு நான் டைப் செய்தேன். ஐந்து வாரங்கள் எடுத்தன. தம்பி பக்கத்தில் இருந்து கவிகளை வாசித்துச் சொன்னான். அவனிடம் மாப்புக் கேட்டேன். ஒரு ஐஸ்கிறீமுக்கு மன்னித்தான்.

விளக்கங்களில் பெரும்பாலானவற்றை டீச்சர் நினைவிலிருந்து மீண்டும் சொன்னார். ஒன்பது கவிகளுக்கு மட்டும் அவராலும் முடியவில்லை. அவற்றைச் சொன்ன மூதாட்டி அதற்குள் மௌத்தாகிவிட்டிருந்தார். அந்த ஒன்பது கவிகளும் இப்போது விளக்கமில்லாமல் இருக்கின்றன.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாப்பா ஜும்ஆவுக்குப் போன பின் நான் ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பிரதி எடுத்து, கழற்றி அலுமாரியில் பூட்டுகிறேன். இன்னொரு பிரதி வாப்பாவின் கடையில் இருக்கிறது. உம்மா இப்போது நினைவுபடுத்துவதில்லை.