பெயருக்கு முன்பே பிறந்த போர்

நம் பள்ளத்தாக்கில் பிழைப்புக்காக மலை ஏறுவது புதுமையன்று. விடியுமுன் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகின்ற ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை நாம் அன்றாடம் காண்கிறோம். முந்தைய தலைமுறையில் சிலர் கடலையும் தாண்டினார்கள். என் அப்பத்தாவின் பெற்றோர் கங்காணி பின்னால் இலங்கைக்குப் போனவர்கள்; அப்பத்தா பிறந்தது நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில். ஈழப்போரைப் பற்றி எழுத வேதியியல் மாணவிக்கு என்ன வேலை என்று கேட்கும் தோழியருக்கு இதுவே என் விடை.

1983 முதல் 2009 வரை ஏறத்தாழ 26 ஆண்டுகள் நடந்த அந்தப் போரைப் பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்றது கொழும்பு அரசு. அப்பெயர் முழுப் பொய் என்று நான் வாதாட வரவில்லை. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975-இலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குற்றச்சாட்டே இன்றிப் பதினெட்டு மாதம் வரை சிறையில் வைக்க இடங்கொடுத்த பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது 1979-இல். பெரும்போர் மூண்டது 1983-இல். மூன்றாண்டுக்கு மட்டும் என்று வந்த அச்சட்டம் 1982-இல் நிரந்தரமாயிற்று. நோய் முற்றுமுன்பே நோய்க்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். காரணத்தைத்தான் யாரும் தேடவில்லை.

காரணம் வெகுதூரத்தில் இல்லை. 1948-இன் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆயிற்று. 1971-இல் வந்த தரப்படுத்தலோ, தமிழில் தேர்வெழுதியவர் பல்கலைக்கழகம் புக, சிங்களத்தில் எழுதியவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெறவேண்டும் என்றது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் என்னை உறுத்துகிறது. படித்து முன்னேறலாம் என்று காத்திருந்த பிள்ளையின் கண்ணெதிரே கதவைச் சாத்தினால் அவன் எங்கே போவான்?

1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது. அப்பத்தா 1974-இல் கப்பலேறி இராமேசுவரம் வந்து இறங்கினார். அவர் தங்கையின் கணவர் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்ததால் தங்கை அங்கேயே தங்கிவிட்டார். 1977-இல் இனக்கலவரம். உயிர் தப்பினால் போதுமென்று மலையை விட்டுத் தமிழர் பகுதியான கிளிநொச்சிக்குப் போனது அந்தக் குடும்பம். அவர்கள் பாதுகாப்பைத் தேடிப்போன இடத்திற்கே பின்னாளில் போரும் வந்து சேர்ந்தது.

1983 ஜூலை 23-இல் புலிகள் 13 இராணுவ வீரரைக் கொன்றனர். அடுத்த நாட்களில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித்தேடி எரித்தார்கள். அதன்பின் திம்புப் பேச்சு, 1987 ஒப்பந்தம், இந்திய அமைதிப்படை. அப்படையில் சுமார் 1,200 வீரர்கள் திரும்பவில்லை. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை விரட்டினர். அவர்களும் தமிழ் பேசியவர்களே. 1991-இல் ஸ்ரீபெரும்புதூர். நம் ஊர்த் திண்ணைகளில் ஈழத்துக்காக எழுந்த குரல் அன்றோடு தணிந்தது என்பார் அப்பா.

2002-இல் நார்வே முயற்சியால் போர்நிறுத்தம் வந்தபோது அப்பத்தாவுக்குக் கடிதங்களும் வந்தன. பிள்ளைகளின் பூப்பு, கல்யாணம், கிணற்றில் தண்ணீர் என்று எல்லாம் வீட்டுச் சங்கதிகள். அதற்குள் 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்திருந்தன. எந்த நாட்டு அரசும் தன் எதிரியைப் பயங்கரவாதி என்றால் உலகம் எளிதில் தலையாட்டும் காலம் பிறந்திருந்தது. 2008 ஜனவரியில் போர்நிறுத்தம் முறையாக முறிந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடத்தில் குண்டு விழுந்ததென்றும், தப்பியோடிய மக்களைப் புலிகள் சுட்டதாகவும் ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் எழுதியது. இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் அக்குழு கூறிற்று. அவர்களில் எத்தனை பேரைப் பயங்கரவாதி என்று எண்ணுவது?

தங்கையின் கடைசிக் கடிதம் 2008 மார்ச்சில் வந்தது. அந்த முகவரிக்கு அப்பா எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. மூன்றாவதை இவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் அப்பத்தா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உறையின்மேல் தங்கை பெயரோடு, அவர் மகன் பெயரையும், பேத்தி பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார்.