திருச்சுழி தாலுகாவில் நர்ஸ் எத்தனை பேர்?

மே 12 வந்தா வாட்ஸ்அப் முழுக்க கைவிளக்கு ஏந்திய அம்மா படம்தான். செவிலியர் தின வாழ்த்து சொல்றது நல்ல விஷயம், நானும் சொல்லுவேன். இந்த வருஷம் வாழ்த்தோட ஒரு கேள்வியும் கேட்கிறேன்.

திருச்சுழி தாலுகாவில் மொத்தம் எத்தனை நர்ஸ் இருக்காங்க?

கேட்க சின்னக் கேள்விதான். ஆனா ஒரு காலத்துல இதுக்குப் பதில் தேடி நாலு மாசம் அலைஞ்சிருக்கேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

அப்போ நான் அந்தப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெடிக்கல் ஆபீசர். ஊர் பேர் வேண்டாம். கரிசல் காடு, மானாவாரி விவசாயம், மழை பொய்ச்சா சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுறதுதான் பிழைப்பு. ராத்திரி கடைசி பஸ் போயிட்டா அப்புறம் 108 மட்டும்தான். பெரிய சிக்கல்னா அருப்புக்கோட்டை, அதையும் தாண்டினா இன்னும் சுமார் 50 கிலோமீட்டர் போய் மதுரை. அதனால ராத்திரி பிரசவ வலியோட வர்ற ஒரு பொண்ணுக்கு, அங்க டியூட்டியில் இருக்கிற நர்சம்மாதான் எல்லாமே.

மாசா மாசம் மேல அனுப்புற படிவத்தில் ஒரு கட்டம் வரும். 'செவிலியர்: அனுமதிக்கப்பட்டது, பணியில் உள்ளது, காலியிடம்.' எங்க நிலையத்துக்கு எப்பவும் 3, 3, இல்லை. பார்க்க அழகா இருக்கும்.

ஒரு புரட்டாசி ராத்திரி, நல்ல மழை. ஒரே ஒரு சிஸ்டர் டியூட்டி. முதல் பொண்ணுக்குப் பிரசவம் முடிஞ்சு ரத்தப்போக்கு நிக்கல. அதே நேரம் ரெண்டாவது பொண்ணுக்குக் குழந்தை தலை தெரிய ஆரம்பிச்சிருச்சு. சிஸ்டர் ஒரு கையால கர்ப்பப்பையை அழுத்தித் தேய்ச்சுக்கிட்டே, ஆயாம்மாகிட்ட சொல்லிச் சொல்லி டிரிப் மாத்த வைக்கிறாங்க. தலையை அந்தப் பக்கம் திருப்பி, "முக்காதம்மா, வாயால மூச்சு விடு, இந்தா வந்துட்டேன்"னு இன்னொரு பொண்ணுக்குச் சத்தம் கொடுக்கிறாங்க. நான் போய்ச் சேர்ந்தப்ப நிலைமை இதுதான். ஆளுக்கு ஒரு பக்கமா நின்னோம். ரெண்டு தாயும் ரெண்டு பிள்ளையும் பிழைச்சாங்க.

காலையில டீ குடிக்கும்போது அந்த சிஸ்டர் என்கிட்ட கேட்டாங்க: "சார், பேப்பர்ல இருக்கிற இன்னும் ரெண்டு பேரு நேத்து ராத்திரி எங்க சார் இருந்தாங்க?"

ஒருத்தங்க பேறுகால விடுப்பு. இன்னொருத்தங்களுக்குச் சம்பளம் எங்க நிலையத்தில், வேலை பல மாசமா வேற ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். மாற்றுப்பணி. ரெண்டு பேர் மேலயும் எந்தத் தப்பும் இல்ல. ஆனா படிவத்தின் கண்ணுக்கு மூணு பேரும் 'பணியில்'. காலியிடம் இல்லாத இடத்துக்கு யார் புது ஆள் போடுவாங்க?

சரி, அந்த மூணு பேரும் நிஜமாவே இருந்தா போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

24 மணி நேர நிலையத்தில் ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ்னு வச்சாலே ஒரு நாளைக்கு 3 ஷிஃப்ட், வாரத்துக்கு 21. வார விடுமுறை போக ஒருத்தர் 6 ஷிஃப்ட் பார்க்கலாம். மூணு பேர் சேர்ந்து 18. யாரும் லீவே போடாத வாரத்திலேயே 3 ஷிஃப்ட் இடிக்குது. அதை யாரோ ஒருத்தர் தூக்கத்தை விட்டுத்தான் நிரப்புறாங்க.

வருஷக் கணக்கா பார்த்தா 1,095 ஷிஃப்ட். ஒரு நர்சுக்கு 365 நாளில் வார விடுமுறை 52, தற்செயல் விடுப்பு 12, மற்ற விடுப்பு, பயிற்சி, பண்டிகை எல்லாம் சேர்த்து ஒரு 31 நாள்னு வைங்க. மீதி 270. 1,095-ஐ 270-ஆல் வகுத்தா நாலுக்குக் கொஞ்சம் மேல. அதாவது ஷிஃப்டுக்கு ஒரே ஒரு ஆள் நிக்கணும்னாலே குறைஞ்சது நாலு பேர் வேணும். வேலைப் பளுவை வச்சு ஆள் கணக்குப் போட உலக சுகாதார நிறுவனத்தின் முறை ஒண்ணு இருக்கு. அதோட ஆரம்பப் படிகளில் ஒண்ணு இதுதான்: ஒரு ஆள் வருஷத்தில் உண்மையிலேயே எத்தனை நாள் கையில் கிடைப்பார்?

அந்தக் காலைக்கு அப்புறம்தான் தாலுகா முழுக்க எண்ணிப் பார்ப்போம்னு கிளம்பினேன். நரிக்குடி பக்கம், பரளச்சி பக்கம்னு தெரிஞ்ச டாக்டர்கள்கிட்ட கேட்டேன். நாலு இடத்தில் கேட்டா நாலு எண் வந்துச்சு. யாரும் பொய் சொல்லல. 'நர்ஸ்'னா யாருங்கிறதே ஆளுக்கு ஒண்ணா இருந்துச்சு.

ஸ்டாஃப் நர்ஸ் இருக்காங்க. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர். அவங்களுக்கு மேல பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர். அப்புறம் இடைநிலை சுகாதாரப் பணியாளர்னு வந்த நர்சுகள். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தப்புறம் வீடு வீடா போற நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ். படிப்பு வேற, வேலை வேற, சம்பளம் வர்ற வழி வேற. ஒரு பட்டியல் சம்பளத்தை வச்சு எண்ணுது, இன்னொண்ணு வேலை பார்க்கிற இடத்தை வச்சு. அதனால மாற்றுப்பணியில் இருக்கிற சிஸ்டர் ரெண்டு பட்டியல்லயும் வந்துட்டாங்க. திட்ட நிதியில் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பொண்ணு எந்தப் பட்டியல்லயும் இல்ல!

கடைசியில நாங்க ஒரே ஒரு தாள் போட்டோம். ஒரு ஆளுக்கு ஒரே வரி. ஏழு கட்டம்: படிப்பு, கவுன்சில் பதிவு எண், பதவி, சம்பளம் தர்ற ஆபீஸ், நிரந்தரமா ஒப்பந்தமா, இன்னைக்கு நிக்கிற கட்டிடம், போன 30 நாளில் பார்த்த ஷிஃப்ட். எல்லாரும் ஒரே நாள், ஒரே நேரம் எண்ணணும்: மாசக் கடைசி வேலைநாள் காலை 8 மணி. ஏழாவது கட்டம் நிரம்பின உடனே யார் எங்க தனியா மாட்டிக்கிட்டு இருக்காங்கன்னு ஒரே பார்வையில் தெரிஞ்சுது.

ஆனா தாளை நீட்டினதும் முதல்ல வந்தது பயம்தான். "சார், இது எதுக்கு? எங்களைத் தூக்கி வேற ஊருக்குப் போடவா? கான்ட்ராக்ட்ட முடிக்கவா?"

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையத்தில் பரீட்சை எழுதித் தேர்வானவங்க மாசம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தாங்க. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்துச்சு. கொரோனா வார்டுக்கு எடுத்த ஒப்பந்த நர்சுகளுக்கு 2022 டிசம்பர் 31-ஓட பணி முடிஞ்சதுன்னு உத்தரவு வந்துச்சு. எண்ணிக்கைன்னாலே ஆள்குறைப்புன்னு பார்த்துப் பழகினவங்க அவங்க. அதனால ரெண்டு வாக்கு கொடுத்தோம். எதுக்கு எண்ணுறோம்னு தாளின் தலைப்பிலேயே இருக்கும். முடிஞ்ச கணக்கு மேல போகும் முன்னாடி அவங்க கையில் வரும். தப்பு இருந்தா அவங்களே திருத்தலாம். அப்புறம்தான் கட்டங்கள் உண்மையா நிரம்பிச்சு.

பெரிய புரட்சி எதுவும் நடக்கல. மூணு மாசம் கழிச்சு எங்க மாற்றுப்பணி சிஸ்டர் திரும்பி வந்தாங்க. அவ்வளவுதான். ஆனா ராத்திரி தனியா நின்ன அந்த சிஸ்டருக்கு அது எவ்வளவு பெருசுன்னு அவங்களைக் கேட்டாத்தான் தெரியும்.

இது அரசுப் பக்கம். அருப்புக்கோட்டை டவுனுக்குள்ள வந்தா வேற கதை. பத்தாவது, பன்னிரண்டாவது முடிச்ச பிள்ளைக்கு ஸ்பின்னிங் மில்லு, இல்லன்னா ஆறு மாசம் ஒரு வருஷம்னு ஏதோ ஒரு கோர்ஸ் படிச்சுட்டு ஏதாவது ஒரு கிளினிக். கலர் கோட்டு போட்டுக்கிட்டா ஊருக்கு அவளும் நர்ஸ்தான். சர்வேக்காரர் வந்து கேட்டாலும் நர்ஸ்தான். அந்தப் பிள்ளைங்க உழைப்பைக் குறை சொல்லல. ஆனா முறையா பதிவு பெற்ற நர்சையும் இவங்களையும் ஒரே கட்டத்தில் போட்டா பாதிக்கப்படுறது நோயாளியும் அந்தப் பிள்ளையும்தான்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வச்சு உலக சுகாதார நிறுவனம் 2016-ல் ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. நர்ஸ், மருத்துவச்சின்னு தங்களைச் சொன்னவங்களில் 67 சதவீதம் பேர் பள்ளிப் படிப்போட நின்னவங்க. நாட்டு மக்கள்தொகையில் 3.1 சதவீதம் உள்ள கேரளாவில், மருத்துவத் தகுதி உள்ள நர்சுகளில் 38.4 சதவீதம் பேர்!

2021-ல் வந்த இன்னொரு ஆய்வு பதிவேட்டையும் மாதிரிக் கணக்கெடுப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துச்சு. பதிவேட்டை அடிப்படையா வச்ச கணக்குல 23.4 லட்சம் நர்சுகள். உண்மையில் வேலையில் இருக்கிறவங்கன்னு மதிப்பிட்டது 14 லட்சம். பத்தாயிரம் பேருக்கு 17.7-னு தெரிஞ்சது 10.6 ஆச்சு. தகுந்த படிப்பு உள்ளவங்களை மட்டும் எடுத்தா 6 பேர். மூணுமே 'இந்தியாவில் நர்ஸ்'ங்கிற அதே கேள்விக்கு வந்த பதில். காரணம் சுலபம். பதிவேட்டில் சேர்ந்த பெயர் லேசில் வெளியே போறதில்ல. துபாய்க்குப் போனவங்க, கல்யாணமாகி வேலையை விட்டவங்க, இறந்தவங்க எல்லாரும் அதில் அப்படியே இருப்பாங்க.

1946-ல் போர் கமிட்டி இந்தியாவில் 7,000 நர்ஸ்தான், 43,000 பேருக்கு ஒருத்தர்னு சொல்லுச்சு. அதிலிருந்து எவ்வளவோ தூரம் வந்திருக்கோம். எண்ணுறதில் அந்த அளவுக்கு வரலை.

கைவிளக்கு அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். 1860-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே மாதிரிப் படிவம் வேணும்னு திட்டம் வச்சவங்க நைட்டிங்கேல். இந்தியாவில் இருந்த ராணுவ நிலையங்களுக்குக் கேள்விப் படிவம் அனுப்பி, வந்த பதில்களை வச்சே இங்க உள்ள சுகாதாரத்தைப் பத்தி எழுதினாங்க. நாம விளக்கை மட்டும் பிடிச்சுக்கிட்டோம்.

இப்போ உலக அளவில் சட்டகம் தயாரா இருக்கு. 2016-ல் உலக சுகாதார சபை தீர்மானம் போட்டுச்சு. அதுக்கப்புறம் வந்த தேசிய சுகாதாரப் பணியாளர் கணக்கு முறையில் 10 பகுதி, 78 குறியீடுகள். தொழில் வகைப்பாட்டில் முழுத் தகுதி நர்சுக்கு 2221, துணை நர்சுக்கு 3221-னு தனித்தனி எண். 2023-ல் உலகத்தில் 2.98 கோடி நர்சுகள், பற்றாக்குறை 58 லட்சம்னு நம்மால சொல்ல முடியுதுன்னா இப்படி ஒரே அளவுகோல் வச்சதாலதான். நம்ம நாட்டிலும் 2023-ல் தேசிய செவிலியர், பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கு. தேசியப் பதிவேடும் மாநிலப் பதிவேடும் வேணும்னு அது சொல்லுது. அந்தப் பதிவேட்டில் பெயரும் படிப்பும் மட்டும் இருந்தா பழைய கதைதான். இப்போ எங்க வேலை, என்ன வேலை, வேலையில் இருக்காங்களா இல்லையா, இதையும் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் கேட்கணும்.

படிக்கிற சிஸ்டர்களுக்கு: உங்க கவுன்சில் பதிவில் விலாசமும் வேலை இடமும் சரியா இருக்கான்னு இந்த வாரமே பாருங்க. நீங்க பதிவில் இல்லாத ஊருக்கு உங்க பேரில் ஒரு பணியிடம் கேட்க முடியாது.

படிக்கிற மெடிக்கல் ஆபீசர்களுக்கு: அடுத்த மாசப் படிவத்தில் 'செவிலியர் எண்ணிக்கை'ன்னு ஒரே ஒரு கட்டம் வந்தா, அதை நிரப்பிட்டு ஓரத்தில் பேனாவால் இன்னொரு கட்டம் போடுங்க.

'நேற்று ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர்?'